குறையாத பிரஷர்

பூந்தமல்லி கிளினிக்கில் தணிகாசலத்தின் பிரஷரைப் பார்த்த டாக்டர் மஹ்ஜபீன் முகம் சுளித்தார்.

“நூத்தி எண்பது! மாத்திரை போடுறீங்களா, இல்லையா?”

“எல்லாம் தீந்துபோச்சும்மா. உன் மருந்துல சரக்கு இல்ல.”

“காலி அட்டைய நான்தான் குப்பைல போடுறேன் தாயி,” என்று மனைவி மரகதம் சாட்சி சொன்னாள்.

“அப்போ டோஸை ஏத்தணும். இப்படியே விட்டா பக்கவாதம் வரும்.” எழுதப்போன டாக்டர் நிறுத்தினார். “அம்மா, போன வருஷம் உங்களுக்கும் பிரஷர் இருந்துச்சே. மாத்திரையே வேணாம்னு போனீங்க. கையை நீட்டுங்க.”

நூற்று முப்பதுதான் இருந்தது.

“பாத்தியா, மாத்திரை போடாமயே கொறஞ்சிடுச்சு!” என்று சிரித்தபடி மரகதம் செருப்பு மாட்ட வெளியே போனாள்.

டாக்டர் தணிகாசலத்தையே பார்த்தார். கிழவர் குரலைத் தாழ்த்தினார்.

“என் மாத்திரைய பொடி பண்ணி அவ டீயில கலந்து குடுத்துகினு கீறேன். எனுக்கு உன் மருந்துமேல நம்பிக்கை இல்ல. ஆனா அவளுக்கு எதுனா ஆயிட்டா நான் இன்னா பண்றது?”

“உங்களுக்கு ஆனா அவங்க என்ன பண்ணுவாங்க?”

கிழவர் வாசல் பக்கம் திரும்பினார்.

“அதான் ஒரு வருஷமா டீ கசக்குதா?” வாசலில் நின்ற மரகதம் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். “எழுது தாயி. ரெண்டு பேருக்கும்.”