இன்னொரு பிடி

யார் யார் வீடு திரும்புவார்கள் என்று கணித்து, அதற்கேற்ப அரிசி அளந்து சமைப்பதுதான் அந்த வீட்டுத் தானியங்கி அடுப்பின் வேலை. கஸ்பாரின் படகு புயலில் காணாமல்போன மறுநாளிலிருந்து அது இருவருக்கு மட்டுமே அளந்தது: மனைவி பிலோமினாவுக்கும், அவன் தங்கை ஜெசிந்தாவுக்கும்.

பிலோமினா தினமும் மூடியைத் திறந்து இன்னொரு பிடி அரிசி போட்டாள். "உணவு மிஞ்சும்" என்றது அடுப்பு. மிஞ்சத்தான் செய்தது. தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் இருவரும் பழையதாகச் சாப்பிட்டார்கள்.

"அண்ணன் வருவான்னு நெசமாவே நம்புதியளா, மைனி?" என்று ஒருநாள் ஜெசிந்தா அண்ணியிடம் கேட்டாள்.

"தெரியலட்டி. மாதா முன்னால முழங்கால் போட்டா சந்தேகந்தான் வருது. அரிசி போடும்போது மட்டும் வரமாட்டேங்கு."

இன்று மாலை மூடியைத் திறந்தால், உள்ளே மூவருக்கான அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா உள்ளே எட்டிப் பார்த்தாள். "கடல்லேருந்து சேதி எதுவும் வந்திருக்குமோ? இல்ல, ஒங்க பழக்கத்தப் பாத்து அடுப்பே படிச்சிக்கிட்டோ? கேட்டுருவமா, மைனி?"

பிலோமினா அரிசிப் பானைக்குள் கைவிட்டு, வழக்கம்போல ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

"கடல்ல கெடந்து வாற மனுசனுக்கு ஒத்தப் பிடி எங்கட்டி பத்தும்?"