மெட்ராஸ் பஸ்

"மெட்ராஸ் தீம் பார்க்குக்குப் போறோம்னு தெரிஞ்சா, பக்கத்து வீட்டுச் சுடலையம்மா தன் மகனையும் கூட்டிட்டுப் போகச் சொல்வா. அந்த வாலை யாரு மேய்க்கிறது?" என்றாள் அழகுத்தாய்.

"அவகிட்ட வேற காரணம் சொல்லி வச்சிருக்கேன்ல," என்ற சோலைராஜ், பிள்ளைகள் இருவரிடமும் திரும்பினான். "ஏலே, வாயைத் தொறந்தா பஸ்ஸை விட்டு இறக்கிருவேன்!"

மறுநாள் சாயங்காலம் ராஜபாளையத்தில் பஸ் கிளம்பும் நேரம். சுடலையம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையில் ரோஜா மாலை.

"மதினி, ஒங்க பெரிய மாமனாருக்கு என் பேரைச் சொல்லி இதைப் போடுங்க."

பிள்ளைகளைப் பார்த்ததும் பதறினாள்.

"ஏண்ணே, சாவு வீட்டுக்குப் பச்சப்பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவாகளா? நீங்க வார வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும். எம்மவனோட விளையாடுவாக."

ஒன்றை இடுப்பில் தூக்கி, இன்னொன்றைக் கையில் பிடித்து இறக்கிவிட்டாள். பிள்ளைகள் அழுதன. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சோலைராஜ் மாலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அழகுத்தாய் தலையைக் குனிந்துகொண்டு விம்மினாள்.

"அழாதீங்க மதினி," ஜன்னலுக்கு வெளியே சுடலையம்மாளும் கண்ணைத் துடைத்தாள். "அவுக மேல எம்புட்டுப் பாசம்!"

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் போட்ட சீட்டில் மாலை இருந்தது.