மண்ணாங்கட்டியின் மகள்

"மண்ணாங்கட்டிய இட்டுக்கினு ஜல்தியா பின்பக்கம் போய்யா. கண்ணுல பட்டா சுட்டுப் போட்டுடுவாங்க" என்றாள் அம்சா. கார் கிளப்பிய புழுதி அதற்குள் பண்ணையின் புளியமரம் வரை வந்துவிட்டது.

அவள் புருஷன் பூமாலை மண்ணாங்கட்டியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து, வைக்கோல் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். உள்ளே போன குதிரை ஒன்றுமே நடக்காததுபோல வைக்கோலைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது.

திண்டிவனத்துக்கு மேற்கே இருந்த சுப்பராயலுவின் ரேஸ் குதிரைப் பண்ணையில் பூமாலைதான் குதிரைக்காரன். அங்கே ஆண் குதிரைகள் இரண்டு. ஒன்று சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. அதைத் துரை என்பார்கள். இன்னொன்று திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா இழுத்துக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி.

பெட்டைக் குதிரைக்குப் பருவம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, மண்ணாங்கட்டியை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தெரிந்ததும் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாப்பிள்ளை எப்போதும் துரைதான்.

ஒரே ஒரு தடவை வேலி முறிந்துவிட்டது. மண்ணாங்கட்டி தாண்டிப் போய்விட்டது. மறுநாள் துரையையும் விட்டார்கள். பிறந்த பெட்டைக் குட்டிக்கு அப்பன் துரை என்றே முதலாளி பதிந்துவிட்டார். ஆனால் குட்டியின் வலது கண் பளிங்கு மாதிரி வெளுத்திருந்தது. அந்தப் பண்ணையில் அப்படியொரு கண் மண்ணாங்கட்டிக்கு மட்டும்தான்.

அந்தக் குட்டிதான் போன மாதம் கிண்டியில் பெரிய ரேஸில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்த குதிரையின் சொந்தக்காரர், இது சாதிக் குதிரையே இல்லை, அப்பன் பேரில் மோசடி என்று புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்க மெட்ராஸிலிருந்து ஆள் வரும் என்று பேச்சு.

வக்கீலைப் பார்க்க விழுப்புரம் கிளம்பும்போது சுப்பராயலு பூமாலையைக் கூப்பிட்டார். "எவன் வந்து கேட்டாலும் துரைதான் அப்பன். வேற வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, நீயும் உன் பொண்டாட்டியும் இந்த ஜில்லாவுலயே இருக்க முடியாது."

உண்மை சொன்னால் முதலாளி, பொய் சொன்னால் போலீஸ். எந்தப் பக்கம் போனாலும் தனக்குக் கதியில்லை என்றுதான் பூமாலைக்குத் தோன்றியது. அதைவிட, மண்ணாங்கட்டியை நினைத்துத்தான் அவனுக்குப் பயம். அத்தாட்சியே இருக்கக் கூடாதென்று முதலாளியும், சாதியைக் கெடுத்த குதிரை என்று விசாரிக்க வருகிறவர்களும் அதைத் தீர்த்துக்கட்டிவிடலாம்.

காரிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கினார். "மெட்ராஸ்லேர்ந்து வர்றேன். என் பேரு சக்கரபாணி. கிண்டில ஜெயிச்ச குதிரைக்கு அப்பன் எது?"

"துரைங்க" என்றான் பூமாலை.

பத்தடி தள்ளி லாயத்தில் துரை மினுமினுவென்று நின்றுகொண்டிருந்தது. சக்கரபாணி அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து கனைப்புச் சத்தம் கேட்டது. அம்சா கண்ணை மூடிக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மனைக் கூப்பிட்டாள்.

"அங்க என்ன?"

"வண்டிக் குதிரைங்க. வெயில் தாங்காதுன்னு உள்ள கட்டிக்கீறோம்."

பூமாலை குறுக்கே போவதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். மண்ணாங்கட்டி நிமிர்ந்து பார்த்தது. அந்த வலது கண்ணையே அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் குதிரையின் மார்பைத் தடவினார். நான்கு கால்களையும் குனிந்து பிடித்துப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்.

"வயசு பன்னெண்டு இருக்குமா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

தூக்கில் போடுவதற்கு முன்னால் டாக்டரை விட்டுப் பரிசோதிப்பார்கள் என்று பூமாலை கேள்விப்பட்டிருந்தான். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. அவர் காலில் விழுந்தான்.

"வேலி முறிஞ்சதுக்கு அது இன்னாங்க பண்ணும்? வாயில்லா சீவன். அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஜெயில்ல போடறதா இருந்தா என்னைப் போடுங்க."

"அப்ப இதுதான் அப்பன்."

பூமாலை தரையைப் பார்த்தபடி தலையாட்டினான். எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எழுந்திருப்பா. நான் விசாரிக்க வந்த ஆபீஸர் இல்ல. புகார் குடுத்தவனே நான்தான்."

எழுந்த பூமாலை மறுபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆபீஸராயிருந்தாலாவது கெஞ்சலாம். எதிராளியே கண்ணால் பார்த்துவிட்டான். இனி யார் காலைப் பிடிப்பது?

"நாளைக்கே புகாரை வாபஸ் வாங்கிடறேன்" என்றார் அவர்.

பூமாலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சக்கரபாணி வெளியே டிரைவர் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்தார். கொட்டகைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்ட ஒரு பெட்டைக் குதிரை இருக்கு. எப்ப கூட்டிக்கிட்டு வரட்டும்?"