காசில் நடக்கும் பெண்

சீதாலெட்சுமி அம்மாள் மஞ்சள் துணியை அவிழ்த்து, வெள்ளிக் காசைச் சந்திரகலாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மடக்கி, தன் கையால் மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமியார் பிடி இப்போதே ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள் சந்திரகலா.

"ஒனக்கு செவ்வாய்க்கிழமைதானே லீவு?" என்றார் அவர், பிடியை விடாமல்.

"ஆமா ஆன்டி."

"அத்தைன்னு கூப்பிடும்மா," என்று அவசரமாகத் திருத்தினார் அப்பா கன்னையா.

லீவு நாள் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கிள்ளானில் ஒரு வெள்ளிப் பாத்திரக் கடையில் அவளுக்கு வேலை. பஸ் ஏறிப் போய் வரும் அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

கன்னையா காப்பாரில் அய்யாவுவின் லோரியை ஓட்டுகிறவர். குடியிருக்கும் வீடும் அய்யாவு கொடுத்ததுதான். அந்த முதலாளியே மனைவியோடும் மகனோடும் தாம்பாளத் தட்டோடும் வந்து பெண் கேட்டால், மாட்டேன் என்று சொல்ல எந்த டிரைவருக்கு வாய் வரும்?

மாப்பிள்ளை விஜயனின் லட்சணம் காப்பார் முழுக்கத் தெரியும். குடிக்கவும் லாட்டரி நம்பர் எழுதவும் வீட்டுப் பொருளை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குக் கொண்டுபோனவன். இன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்லா," என்றார் அய்யாவு. ஊரில் உருப்படாத பிள்ளைகளுக்கெல்லாம் இந்த ஒரே மருந்துதான்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு காசின் பெருமைக்கு வந்தார். "எங்க தாத்தா போர்ட் சுவெட்டன்ஹாம்ல மூட்டை தூக்கினப்ப, அமெரிக்காக் கப்பல்காரன் ஒருத்தன் குடுத்த காசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு! அன்னையிலேர்ந்து அம்மன் பாதத்துல மஞ்சத் துணியில முடிஞ்சு இருக்கு. ஆம்பளைங்க கை படக்கூடாது. மாமியா கையிலேர்ந்து மருமக கைக்குத்தான் போகணும். வாங்கிட்டா அவ எங்க வீட்டுப் பொண்ணு. அப்புறம் வேலைக்கு கீலைக்குன்னு வாசப்படி தாண்ட வேணாம்."

கன்னையா தலையாட்டினார். மகளின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"படிச்ச பொண்ணுதானே, வருசத்த வாசிச்சுக் காட்டும்மா. எல்லாரும் கேக்கட்டும்," என்று சொல்லிக் கையை விட்டார் சீதாலெட்சுமி.

சந்திரகலா விரல்களைப் பிரித்தாள். குங்குமம் அப்பியிருந்த காசில், நீண்ட அங்கி அணிந்த ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு, உதிக்கும் சூரியனை நோக்கி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். கட்டைவிரலால் குங்குமத்தைத் துடைத்தாள். அடியில் இருந்த வருடம் 1988.

அதாவது போன வருடம். யாருடைய வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பழையதை விற்றுவிட்டு இதை வைத்துவிட்டான் பாவி.

சொன்னால் சபையில் முதலாளிக்கு அவமானம். அப்பாவின் லோரிச் சாவியும் போகும், தலைக்கு மேலிருக்கும் கூரையும் போகும். பதினேழு என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி, அவள் ஒருத்தியைத் தவிர.

அப்போது சீதாலெட்சுமியின் விரல்கள் அவள் மணிக்கட்டை நறுக்கென்று கிள்ளின. மகனின் திருட்டு இந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்காதே என்று மிரட்டுகிறார்! சந்திரகலாவுக்கு வந்த கோபத்தில் பயம் பறந்துவிட்டது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு," என்றாள்.

அய்யாவு சிரித்தார். "வெளையாடாதம்மா."

"நெசமாத்தான் அங்கிள். இந்தப் பொம்பள படம் போட்ட பழைய காசு அரை டாலர், சின்னதா இருக்கும். நாப்பத்தேழோட நிறுத்திட்டாங்க. மூணு வருசமாத்தான் அதே படத்தப் போட்டு, ஒரு அவுன்ஸ் வெள்ளியில இந்தப் பெரிய காசு அடிக்கிறாங்க. எங்க கடையிலயே விக்கிறோம்."

ஆம்பளைக் கை படக்கூடாத காசை அய்யாவு வெடுக்கென்று பிடுங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் கறுத்து, மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"அம்மன் காசையுமாடா வித்துத் தின்னுட்ட?"

"சத்தியமா நான் எடுக்கலப்பா!"

விஜயனின் சத்தியத்துக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு? சட்டையைப் பிடித்து அவனை வெளியே தள்ளினார் அய்யாவு. வாசலில் நின்று, "கன்னையா, ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. அம்மனுக்கே இஷ்டமில்லாத சம்பந்தம் நமக்கு வேணாம். நாளைக்கு எப்பவும் போல லோரி எடுக்க வந்துரு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கன்னையா அப்படியே நாற்காலியில் சாய்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீதாலெட்சுமி மட்டும் வாசலில் குனிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார். பெற்ற பிள்ளை நாலு பேர் முன்னால் திருடனாகிவிட்டானே என்று சந்திரகலாவுக்கு மனம் பிசைந்தது. அருகில் போனாள்.

"மன்னிச்சிருங்க ஆன்டி. என்னாலதான் உங்க மகனுக்கு..."

காரில் ஹாரன் அலறியது. சீதாலெட்சுமி நிமிர்ந்து, தான் கிள்ளிய மணிக்கட்டை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"பழசு எம்பொட்டியில பத்திரமா இருக்கு கண்ணு. புதுச ஒங்க கடையிலதான் வாங்கினேன், ஒரு செவ்வாய்க்கிழமையாப் பாத்து."