நாலு விரல் தண்ணீர்

சவுக்கு மரம் வீட்டுக்கு வந்தது செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா என்று அவருக்கு இப்போது நிச்சயமில்லை. படுக்கையில் கிடந்த மனைவி முதல் தடவை கட்டில் சட்டத்தைத் தட்டியது எந்த நாள் என்பதும்.

வாளித் தண்ணீர் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அது குறையவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வெட்டிய ஆளுயர மரம். கொண்டுவந்தவன் முற்றத்துச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். ஒரு பகலும் ஓர் இரவும் அது அங்கேயே நின்றது. பிறகுதான் அவர் இரும்பு வாளியில் மரத்தை நிறுத்தி, சுற்றிலும் கல் செருகி, தண்ணீர் ஊற்றினார். அவளுடைய அறையில், கால்மாட்டில். கண் திறந்தால் தெரியும்படி.

அக்டோபரில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சில்லை. இடது கையும் கண்களும்தான் மிச்சம்.

அவர் தோணியை நடத்தும் தண்டலாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு. டிசம்பரிலும் கடலில்தான். இருபத்துநாலாம் தேதி கரை இறங்கி வந்தால் வீட்டில் மரம் பச்சையாக நிற்கும். எப்படி நிற்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது தினமும் காலையில் வாளிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். தோணியின் அடியில் ஊறும் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார். நேற்றைய கோட்டிலேயே நின்றால் அன்றைக்குப் பயமில்லை.

நேற்றைய கோட்டிலேயே நின்றது.

"சொட்டு மாறல, பாத்தியா" என்றார் அவளிடம்.

அவள் கட்டில் சட்டத்தைத் தட்டினாள்.

பிறகு இடது கையின் ஓரத்தைச் சட்டத்தின்மேல் வைத்து இழுத்தாள். முன்னும் பின்னும். முன்னும் பின்னும்.

ரொட்டி அறுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தார். வாங்கிவந்து பாலில் ஊறவைத்து நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மீனோ? சீலாத் துண்டைக் கரைய வேகவைத்துக் கொண்டுவந்தார். அதற்கும் திரும்பவில்லை.

கை வலிக்கிறதோ? தைலம் தேய்த்தார். கையை உருவிக்கொண்டாள். மறுபடி சட்டம். மறுபடி முன்னும் பின்னும்.

மூன்றாம் நாள் கரண்டித் தண்ணீருக்கும் வாய் திறக்கவில்லை.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். நாளை மாலைக்குள் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்றார்.

அவளுடைய தாய்க்கு அப்படித்தான் போட்டார்கள். பிடுங்கிவிடுகிறாள் என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டினார்கள். அவிழ்க்கும்போது உயிர் இல்லை.

இவளுக்கு இருப்பது ஒரு கை.

அவர் கட்டிலிலிருந்து முற்றத்துக்கு நடந்தார். முற்றத்திலிருந்து கட்டிலுக்கு. உட்கார்ந்தார். எழுந்தார். காலடியில் சவுக்கு ஊசிகள் நெரிந்தன. கூட்டினார். கூட்டி முடிப்பதற்குள் மறுபடி கொட்டியது.

அவளைக் குளிப்பாட்டிவிட பக்கத்து வீட்டு லெத்தீசியா வந்தாள்.

"என்ன மாமா, மரம் மொட்டையாகுது. தண்ணி ஊத்துதீயளா இல்லியா?"

"வாளி நெறையக் கெடக்கு. இன்னும் கொறையவேயில்ல."

"கொறையாம இருக்கதுக்கு இது என்ன தோணியா? மரம்னா குடிக்கணும்லா. நல்ல தண்டலு போங்க!"

லெத்தீசியா சிரித்துக்கொண்டே ஈரத்துணியைப் பிழிந்தாள். கட்டிலில் படுத்திருந்தவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள்.

லெத்தீசியா போன பிறகு, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று, பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்கினார். வைக்கோல். கொம்பு உடைந்த மாடு. இடையர்கள். அடியில் ஒரு துணி முடிச்சு.

அவிழ்த்தார்.

வட்ட வட்டமாக மரத்துண்டுகள். ஒரு விரல் கனம். குடிலில் இடையர்கள் இவற்றின்மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடையில் வாங்கியவை என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

சவுக்கு.

ஓரத்தில் ரம்பத்தின் கீறல். இன்னொன்றிலும். எல்லாவற்றிலும்.

எழுந்துபோய் மரத்தை வாளியிலிருந்து தூக்கினார். வெட்டுவாய் சாம்பல் நிறத்தில் இறுகி மூடிக் கிடந்தது. பழைய காயத்தின் பொருக்குபோல. தண்ணீர் ஏற வழியே இல்லை.

திரும்பிப் பார்த்தார்.

அவள் கை சட்டத்தின்மேல் இருந்தது. முன்னும் பின்னும்.

ரம்பத்தைத் தேடி எடுத்தார். மரத்தை ஸ்டூலில் கிடத்தி, அவள் பார்க்க அறுத்தார். அவர் இழுத்தபோது அவள் இழுத்தாள். அவர் தள்ளியபோது தள்ளினாள். வட்டம் கழன்று தரையில் உருண்டது.

உள்ளே இளஞ்சிவப்பு. ஈரம்.

மரத்தை மறுபடி வாளியில் நிறுத்தினார். வட்டத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் அதன்மேல் மூடின.

மறுநாள் வெயில் சாயும் நேரம். குச்சியை வாளிக்குள் விட்டார். கோட்டுக்கு வெகு கீழே நனைந்திருந்தது. விரல் வைத்து அளந்தார். அவளிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"நாலு விரலு."

அவள் குச்சியைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

அவர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தார். கரண்டியை நீட்டவில்லை. தெருவில் டாக்டருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது.

அவள் வாய் திறந்தாள்.

மரம் ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நின்றது. லெத்தீசியா கணவனோடு கொச்சிக்குப் போய்விட்டாள். மனைவி அடுத்த மழைக்காலம் வரை இருந்தாள், வீட்டிலேயே. அவர் இருக்கிறார். டிசம்பரில் மரம் வந்ததும் முதலில் ரம்பத்தை எடுக்கிறார்.

வட்டங்கள் குடில் பெட்டியில் கிடக்கின்றன. ஒன்று மட்டும் குறைகிறது, அவள் கையில் வைத்தது.