மூன்று வாரமாக முடியாத கணக்கு

"இன்னைக்கும் கணக்கு முடியலையா, மேவ்? உன் நிரலுக்கு லீவு குடுத்துடலாமா?" என்றார் மேலாளர் டாரில். பெர்த் நகர அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கும் அணையின் கரையை நான்கு மீட்டர் உயர்த்தினால் தாங்குமா என்று மேவின் கணினி நிரல்தான் சொல்ல வேண்டும். சுற்றுக்குச் சுற்று விடையை நெருங்க வேண்டிய எண்கள், மூன்று வாரமாக விலகியே ஓடின.

"பழைய உயரத்துக்கு ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சுதே. கோளாறு உன் நிரல்லதான்," என்றார் டாரில்.

மேவும் அப்படித்தான் நம்பினாள். சமன்பாடுகளைத் தீர்க்குமுன் அவற்றை எளிதில் தீரும்படி சீராக்கித் தரும் பகுதியை அடியோடு மாற்றி எழுதினாள்.

வியாழன் மதியம் வெளுத்த முகத்தோடு டாரிலிடம் ஓடிவந்தாள்.

"நிரல்ல தப்பே இல்ல, டாரில். ஒவ்வொரு சுற்றும் இப்ப நொடியில தீருது. ஆனா விடை வராது. விடைன்னா கரை அசையாம நிக்கிற நிலை. அந்த உயரத்துல அப்படி ஒரு நிலையே கிடையாது. வேலைய ஆரம்பிக்க வேணாம்னு சொல்லுங்க!"

டாரில் நாற்காலியில் சரிந்தார்.

"நிரல்தான் மக்கர் பண்ணுது, கரைக்கு ஒண்ணுமில்லன்னு சுரங்கத்துக்கு அப்பவே எழுதிக் குடுத்துட்டேன், மேவ். கடைசி மீட்டரையும் இன்னைக்குக் காலைல ஏத்தி முடிச்சுட்டாங்க."

மேவ் அவர் கைபேசியைப் பிடுங்கிச் சுரங்கத்தை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.