வெறும் பசை

ஹைட்ரஜனில் கரண்ட் எடுக்கும் ஆய்வகத்தில் உலையைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் உலைக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அந்த உலையைவிடக் கனமானது அங்கிருந்த பேராசிரியரின் தலைக்கனம் ஒன்றுதான்.

“சார், ஹைட்ரஜனை உடைக்கிறது நீங்க கண்டுபிடிச்ச செராமிக்கா, இல்ல அதுமேல கம்பி ஒட்டறதுக்குப் பூசுற பிளாட்டினமான்னு ஒரு தடவை பாத்துடலாமே” என்று போன வாரம்கூடச் சொல்லிப் பார்த்தாள்.

“பிளாட்டினம் வெறும் பசைம்மா. நீங்க உலையை மூடித் திறக்கிற வேலைய மட்டும் பாருங்க. மூளை வேலைய நாங்க பாத்துக்கறோம்.”

இன்று விருதுக் குழுவின் எதிரே அவர் மீட்டரைத் தட்டிக் காட்டினார். “காலையில புதுசா ஒரு செல் மாட்டச் சொன்னேன். பாருங்க, நேத்து வந்த அதே கரண்ட்! எல்லாம் என் செராமிக்கோட கைவண்ணம்!”

குழுத் தலைவி அசந்துபோனாள். “அந்தச் செராமிக்கைக் கண்ணால பாக்கலாமா?”

“உள்ள எண்ணூறு டிகிரி மேடம். உலை ஆறினாத்தான்…”

“எதுக்கு சார் ஆறணும்?” உலைக்காரம்மா டிராயரைத் திறந்து, காலையில் அவர் மாட்டச் சொன்ன, செராமிக் பூசிய கறுப்பு வில்லையை எடுத்துத் தலைவியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இன்னைக்கு உள்ள இருக்கிறது வெறும் பசைதான்.”